குமிழ் மரமும் யாழும்: விபுலாநந்த அடிகளின் கதை

குமிழ் மரத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் தெரிந்திருக்காது. ஆத்தூர், ராசிபுரம், பரமத்தி வேலூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது தோட்டத்து வரப்போரம் இதய வடிவ இலையோடு நெட்டையாக நிற்குமே, அதுதான். மரக்கடையில் குமிழ்தேக்கு என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். தேக்குக்குத் தூரத்துச் சொந்தம். விலை குறைவு, எடையும் குறைவு. அறுத்த பலகை வைக்கோல் நிறத்தில் இருக்கும். ஒழுங்காகக் காயவைத்துவிட்டால் அப்புறம் லேசில் வளையாது, வெடிக்காது, உளிக்கும் நன்றாக இணங்கும்.

உங்கள் ஹாஸ்டலில் எலக்ட்ரிக் கிடார் வைத்திருக்கிற ஆள் யாராவது இருந்தால், அதன் உடம்பு என்ன மரம் என்று கேட்டுப் பாருங்கள். ஆல்டர், பாஸ்வுட், ஸ்வாம்ப் ஆஷ், பவுலோனியா என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். எல்லாமே லேசான மரங்கள். ஆல்டர் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 450 கிலோ. நம்ம வரப்போரக் குமிழ் 400-லிருந்து 500. அதாவது ரெண்டும் ஒரே எடைப் பிரிவு.

இதில் புதுசாக யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் விஷயம். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு பாட்டு உண்டு. அதில் ஒரு மாடு மேய்க்கும் இளைஞன் வருகிறான். தீக்கடைகோலால் மூங்கிலில் துளை போட்டுக் குழல் செய்து வாசிக்கிறான். அது அலுத்துப் போனதும் உள்ளே பொள்ளலான குமிழங்கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, இன்னொரு கருவி செய்துகொள்கிறான். அதுதான் வில்யாழ். அந்த வரிகளை ஆயிரக்கணக்கான தமிழாசிரியர்கள் படித்திருப்பார்கள். அதை ஒரு தயாரிப்புக் குறிப்பாக, நம்ம பாஷையில் சொன்னால் ஒரு ஸ்பெக் ஷீட்டாக, எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர் விபுலாநந்த அடிகள்.

அடிகள் என்றதும் காவி உடை மட்டும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அவர் முதலில் அறிவியல் மாணவர். 1892-ல் இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவு என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் மயில்வாகனம். மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில் படித்தபோதே கணக்கில் கெட்டி. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குப் போனவர், அதோடு நிற்காமல் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1916-ல் அறிவியல் டிப்ளமோ வாங்கினார். அதே 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வையும் எழுதித் தேறினார். ஒரே வருஷம், ரெண்டு துறை. அரியர் எழுதவே நேரம் பத்தவில்லை என்று புலம்புகிற நமக்கு இது கொஞ்சம் சங்கடமான தகவல்தான்.

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். 1920-ல் லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. பிறகு மானிப்பாய் இந்துக் கல்லூரியில் தலைமையாசிரியர். நல்ல சம்பளம், நல்ல மரியாதை. 1922-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924-ல் துறவறம், விபுலாநந்தர் என்ற பெயர். ஊர் திரும்பி மட்டக்களப்புப் பக்கம் பள்ளிகளை நடத்தினார். கல்லடி உப்போடையில் 1929-ல் சிவாநந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். நடுவில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பற்றி மதங்க சூளாமணி என்ற நூலும் எழுதினார்.

1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. சிதம்பரத்தில் இரண்டு ஆண்டுகள்தான் இருந்தார். பாரதியார் பாட்டைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1936-ல் சென்னையில் அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்காக நடந்த மாநாட்டுக்கும் அவர்தான் தலைவர். வேதியியல் படித்த பண்டிதரை விட்டால் அந்த வேலைக்கு வேறு யாரைக் கூப்பிடுவது?

இந்தக் காலத்தில்தான் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அவரைப் பிடித்துக்கொண்டது. மாதவி ஆடும் மேடை, குழல், யாழ், முழவு எல்லாவற்றையும் பற்றி நுணுக்கமாகப் பேசும் பகுதி அது. யாழ் எப்படிச் சுருதி சேர்க்கப்பட்டது என்று அதில் இருக்கிறது. ஆனால் யாழ் இல்லை. நிஜமாகவே இல்லைங்க. அந்தக் கருவி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்து, வீணை அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. யாழும் வீணையும் ஒன்றுதான் என்று வாதிட்டவர்கள் அவர் காலத்திலும் இருந்தார்கள், பிறகும் இருந்தார்கள்.

இப்போது அவருடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள. ரிவர்ஸ் எஞ்சினியரிங் என்றால் நம் கையில் ஒரு பொருளாவது இருக்கும். பிரித்துப் பார்ப்போம், வெர்னியர் வைத்து அளப்போம். இவர் கையில் இருந்தது வெறும் சொற்கள். பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்ற உறுப்புப் பெயர்கள். பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்ற எண்ணிக்கைகள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரப் பெயர்கள். அவ்வளவுதான்.

அவர் கணக்கைப் பிடித்துக்கொண்டார். குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு, இன்றைய ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள உறவு. அதிர்வெண்ணில் 3/2. ஒரு நரம்பிலிருந்து அதன் இளி, அந்த இளியிலிருந்து அதன் இளி என்று போய்க்கொண்டே இருந்தால் பன்னிரண்டு இடங்கள் கிடைக்கும். கால்குலேட்டரை எடுத்து நீங்களே போடலாம்: 3/2-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.7 வரும். ஏழு ஸ்தாயி ஏறினால், அதாவது 2-ஐ ஏழு முறை பெருக்கினால், 128. கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் ஒன்றில்லை. அந்தச் சின்ன இடைவெளிதான் உலகம் முழுக்க இசைக்கருவி செய்கிறவர்களின் தலைவலி. பழந்தமிழர் இந்தப் பன்னிரண்டு இடங்களை ஒரு வட்டமாக, ராசிச் சக்கரம் மாதிரி அமைத்துப் பாலைகளைப் பிரித்தார்கள் என்பதைப் பின்னக் கணக்கு போட்டு ஒவ்வொன்றாக விளக்கினார். இதில் அவர் சொன்ன எல்லாவற்றையும் இசை அறிஞர்கள் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனால் மறுக்கிறவர்களும் கணக்கோடுதான் வரவேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது அவர்தான். என்னைக் கேட்டால் அவர் செய்ததில் பெரிய வேலை இதுதான்.

வடிவத்துக்கு வருவோம். யாழ் என்பது வீணை போலத் தண்டியில் மெட்டு வைத்து விரலால் அழுத்தி வாசிக்கும் கருவி இல்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் தனி நரம்பு கட்டிய, வில்லிலிருந்து வளர்ந்த கருவி என்பது அவர் முடிவு. நம்ம குமிழங்கொம்பு வில்யாழ் அந்தக் குடும்பத்தின் மூத்த ஆள்.

மரத்தைப் பற்றிப் பழைய வெண்பா ஒன்று ஐந்து பெயர்களைச் சொல்கிறது: கொன்றை, கருங்காலி, முருக்கு, குமிழ், தணக்கு. யாழுக்கு உத்தமமான மரங்கள் இவை என்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் மரப் பட்டியல். எடையைப் பக்கத்தில் எழுதினால் கதை மாறும். கொன்றையும் கருங்காலியும் கனமான மரங்கள். இப்போது ஆளாளுக்குக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிகிறார்களே, அதே கருங்காலிதான். தண்ணீரின் எடையை எட்டிப் பிடிக்கும். மற்ற மூன்றும் நேர் எதிர். முருக்கு என்பது நம்ம கல்யாண முருங்கையின் இனம். வெற்றிலைக் கொடி, மிளகுக் கொடி படரவிடுவதற்கு நடுவார்களே, அது. அதன் கட்டை கையில் எடுத்தால் தெர்மாகோல் மாதிரி. தணக்கு நம் பக்கத்து வறண்ட மலைக்காடுகளில் இருக்கும் மரம். விதையில் நீளமாக இரண்டு இறக்கை இருக்கும்; மேலேயிருந்து விட்டால் ஹெலிகாப்டர் போலச் சுழன்று இறங்கும். அந்த மரமும் தண்ணீரின் எடையில் பாதிகூடத் தேறாது. கடற்கரையில் கட்டுமரம் செய்யவும், உள்நாட்டில் பொம்மை செய்யவும் எடுத்தார்கள்.

ஏன் இரண்டு கனம், மூன்று லேசு? ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படித்த நீங்கள் யோசித்தாலே பிடிபடும். யாழின் கோடு, அதாவது வளைந்த தண்டு, எல்லா நரம்புகளின் இழுவிசையையும் தாங்க வேண்டும். அது கொஞ்சம் வளைந்து கொடுத்தாலும் போச்சு: ஏழாவது நரம்பை முறுக்கும்போது முதல் நரம்பு தளர்ந்துவிடும். ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று கலையும். அங்கே விறைப்பான மரம் வேண்டும். பத்தர், அதாவது குடம், வேறு வேலை செய்கிறது. மெல்லிய நரம்பு தனியாகக் காற்றை அதிகம் அசைக்காது. அது பத்தரை அசைக்க வேண்டும், பத்தர் காற்றை அசைக்க வேண்டும். கனத்த மரமாக இருந்தால் நரம்பின் சக்திக்கு அது அசைந்தே கொடுக்காது. ஒலியியலில் இதற்கு ஓர் அளவு உண்டு: மரத்துக்குள் ஒலி போகும் வேகத்தை மரத்தின் அடர்த்தியால் வகுத்து வருவது. அந்த எண் பெரிதாக இருந்தால் ஒலி நன்றாக வெளியே வரும். அதற்கு லேசாகவும் வேண்டும், அதே சமயம் சொதசொத என்று இல்லாமல் நார் விறைப்பாகவும் வேண்டும். குமிழ் அந்த நடுவில் நிற்கிற மரம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்பு தேடுகிறவர்கள் கவனிக்கவும். குமிழ், முருக்கு, தணக்கு மூன்றிலும் ஒரே அளவில் சட்டம் அறுத்து, ஒரே மாதிரி காயவைத்து, நூலில் தொங்கவிட்டுத் தட்டிப் போனில் பதிவு செய்தால் அதிர்வெண் கிடைக்கும். அதிலிருந்து ஒலியின் வேகம். தராசும் போனும் இருந்தால் போதும்.

லேசாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பாணர்கள் நடந்து போனவர்கள். கொல்லிமலை ஓரியைப் பாடிப் பரிசு வாங்கப் போன பாணன் யாழைத் தோளில் சுமந்துதான் போனான். ஆடி 18-க்குக் கொல்லிமலையில் ஓரி விழாவுக்குப் போகிறவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் ஏறி முடிக்கிறோம். அவனுக்கு அந்த வசதி இல்லை. லாரிக்குப் பாடி கட்டுகிற நாமக்கல் பட்டறைக்காரர்களைக் கேளுங்கள்: பாடியில் கூடும் ஒவ்வொரு கிலோவும் லோடில் குறையும் என்பார்கள். பாணனுக்கும் அதே கணக்குதான்.

அடிகள் இந்த வேலையைப் பத்தாண்டுகளுக்கு மேல் சுமந்தார். 1939 வாக்கில் இமயமலையில் மாயாவதி ஆசிரமத்துக்குப் பிரபுத்த பாரத இதழின் ஆசிரியராகப் போனார். குளிரில் உட்கார்ந்து அங்கேயும் யாழ் ஆராய்ச்சி. 1943-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அதற்குள் உடம்பு விழுந்துவிட்டது. நோய் அவரை நீண்ட நாள் படுக்கையில் போட்டது. நூலை முடிப்பதா, உடம்பைப் பார்ப்பதா என்ற கேள்விக்கு அவர் என்ன பதில் வைத்திருந்தார் என்பது நூல் வெளிவந்ததிலேயே தெரிகிறது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் யாழ்நூலை அச்சிட்டது. யாழின் உறுப்புகளுக்கு ஓர் இயல், நரம்புகளுக்கு ஓர் இயல், பாலைக்கு, பண்ணுக்கு, தேவாரத்துக்கு என்று மொத்தம் ஏழு இயல்கள்.

1947 ஜூன் 5, 6 தேதிகளில் இன்றைய திருவாரூர் மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேற்றம். ஓடம் ஓட்ட ஆளில்லாதபோது சம்பந்தர் பதிகம் பாடியே ஆற்றைக் கடந்ததாகச் சொல்லப்படும் ஊர் அது. அடிகளின் கணக்குப்படி செய்த கருவிகள் ஊர்வலமாக வந்தன. முளரியாழும் அவற்றில் ஒன்று. சபையில் அதை வாசித்தும் காட்டினார்கள். சொல்லாக மட்டுமே இருந்த கருவி அன்றைக்கு நரம்பு கட்டி ஒலித்தது. இதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து, நம் காலத்தில் சென்னையில் ஓர் இளம் கருவி வடிவமைப்பாளர் மறுபடி யாழ் செய்து வாசிக்கவிட்ட வீடியோவை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

அரங்கேற்றம் முடிந்து 43 நாள். 1947 ஜூலை 19, கொழும்பில் அடிகள் காலமானார். வயது 55. உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுபோய், அவர் தொடங்கிய சிவாநந்த வித்தியாலய வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். பக்கத்தில்தான் கல்லடிப் பாலமும் பாடும் மீன்களுக்குப் பேர்போன வாவியும். அந்த நீர்ப்பாட்டைப் பற்றி அவர் ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். அதில் நீரர மகளிர் பாடுகிறார்கள்.