இராபர்ட்டோ தெ நோபிலி

இராபர்ட்டோ தெ நோபிலி (1577 – சனவரி 16, 1656) இத்தாலியைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி ஆவார். தத்துவபோதகர் எனவும் அறியப்பட்டார். தமிழ் உரைநடை முன்னோடிகளுள் ஒருவராகவே இவர் பெரிதும் நினைக்கப்படுகிறார். எனினும், திருச்சபைச் சட்ட வரலாற்றில் மலபார் சடங்குச் சிக்கல் எனப்படும் நெடிய வழக்கும் இவரிடமிருந்தே தொடங்கியது.

மதுரையில்

1605இல் கோவா வந்த நோபிலி, 1606இல் மதுரையை அடைந்தார். அங்கு கிறித்தவம் பறங்கியர் மதமாகக் கருதப்பட்டது. எனவே காவி உடுத்து, புலால் நீக்கி, தனித்து வாழ்ந்தார். தமிழும் வடமொழியும் கற்றார். இவரிடம் திருமுழுக்குப் பெற்ற பிராமணர்கள் பூணூலையும் குடுமியையும் தொடர்ந்து அணிந்தனர். முன்னரே மதுரையில் பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டசு இதனைக் கண்டித்து மேலிடத்திற்கு முறையிட்டார்.

வழக்கு

பூணூல் சமய அடையாளமா, சமூக அடையாளமா என்பதே வினா. சமயச் சின்னமெனில் அதை அணிவது உருவ வழிபாட்டுக்குத் துணைபோவதாகும். குலச் சின்னமெனில் தடையில்லை. நோபிலி 1613இல் இலத்தீனில் எழுதிய நூலில் தர்மசாத்திரங்களையே சான்றாகக் காட்டி, அது குலச் சின்னமே என வாதிட்டார். ஐரோப்பியச் சட்ட வாதத்தில் மனுநூல் சான்றாக ஏறியது அந்நாளில் அரிய நிகழ்வு.

1619இல் கோவாவில் கூடிய மாநாட்டில் பேராயரும் பெரும்பாலோரும் இவரை எதிர்த்தனர். வழக்கு உரோமைக்குச் சென்றது. ஆர்மா பேராயர் பீட்டர் லொம்பார்டு இவர் பக்கம் கருத்துரைத்தார். சனவரி 31, 1623 அன்று திருத்தந்தை 15ஆம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை அனுமதித்தார். ஆயினும் பழைய மந்திரங்களும் சடங்குகளும் விலக்கப்பட வேண்டும். மறு ஆணை வரும்வரையே அனுமதி செல்லும். தாழ்ந்த குலத்தாரை இகழக் கூடாது என்றும் அவ்வாணை வேண்டியது. நோபிலியின் வாதமோ சாதியைச் சமூக வழக்கமாக ஏற்றே நின்றது. அதன் பலவீனம் இங்குதான் உள்ளது. பின்னர் தாழ்த்தப்பட்டோருக்கெனப் பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் பிரிவு ஏற்பட்டது. கோவிலுக்குள்ளும் பிரிவினை நீடித்தது.

இறுதிக்காலம்

மதுரையை விட்டு யாழ்ப்பாணத்திலும் பின்னர் மயிலாப்பூரிலும் வாழ்ந்த நோபிலி, பார்வை குன்றிய நிலையில் மயிலாப்பூரில் காலமானார்.

பின்னர்

1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் பல வழக்கங்களைத் தடைசெய்தார். திருமணச் சடங்குகளும் தாலியின் வடிவமும் அவற்றுள் அடங்கும். நோயுற்ற பறையர் இல்லங்களுக்குக் குருக்கள் செல்ல மறுப்பதும் கண்டிக்கப்பட்டது. சட்ட வல்லுநரான திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் 1744இல் தடைகளைப் பெரும்பாலும் உறுதிசெய்தார். இவற்றைக் கடைப்பிடிப்பதாக மறைபரப்பாளர்கள் எடுத்துவந்த உறுதிமொழி 1940இல் நீக்கப்பட்டது.