எக்ஸ்ரேயைத் தந்த ராண்ட்ஜன்

திருச்சிக்கு அருகே உள்ள திருவெள்ளறையில் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள் முதலில் 18 படிகள் ஏறவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தப் படிகளே மலையாகத் தோன்றும். அவர்கள் டாக்டரிடம் போனால், பெரும்பாலும் எக்ஸ்ரே படம் எடுத்து வரச் சொல்வார். கத்தி படாமல் உடலுக்குள் பார்க்கும் அந்த வழியைக் கண்டவர் வில்ஹெல்ம் ராண்ட்ஜன்.

பள்ளியிலிருந்து நீக்கம்

ராண்ட்ஜன் 1845-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி ஜெர்மனியில் லென்னப் என்ற ஊரில் பிறந்தார். தந்தை துணி வியாபாரி. தாயார் ஹாலந்துக்காரர். ராண்ட்ஜனுக்கு 3 வயதானபோது குடும்பம் ஹாலந்தில் குடியேறியது.

உட்ரெக்ட் நகரில் படித்தபோது, உடன் படித்த ஒருவன் ஆசிரியரைக் கேலிச் சித்திரம் வரைந்துவிட்டான். வரைந்தவன் யார் என்று ராண்ட்ஜனைக் கேட்டார்கள். தோழனைக் காட்டிக்கொடுக்க அவர் மறுத்தார். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்.

ஆனாலும் அவர் படிப்பை விடவில்லை. சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகருக்குப் போய்ப் படித்து, 1869-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பள்ளிச் சான்றிதழ் இல்லை என்று சொல்லி, உர்ஸ்பர்க் சர்வகலாசாலை அவருக்கு ஆசிரியர் தகுதி தர மறுத்தது. அதே சர்வகலாசாலைக்கு 1888-ல் அவர் பேராசிரியராகவே வந்து சேர்ந்தார்!

இருட்டறையில் ஒளி

1895-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி. ராண்ட்ஜன் இருட்டறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கறுப்பு அட்டையால் மூடி, அதற்குள் மின்சாரம் செலுத்தினார். சற்றுத் தள்ளியிருந்த ரசாயனத் திரை பளிச்சிட்டது. அட்டையைத் துளைத்துக்கொண்டு ஏதோ ஒரு கதிர் வந்திருக்கிறது! அது இன்னதென்று தெரியாததால் எக்ஸ் கதிர் என்று பெயர் வைத்தார்.

டிசம்பர் 22-ந் தேதி மனைவி பெர்த்தாவின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன.

பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் அவருக்குக் கிடைத்தது. பரிசுப் பணத்தைச் சர்வகலாசாலைக்கே கொடுத்துவிட்டார். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமையும் வாங்கவில்லை. அது எல்லோருக்கும் பொது என்று விட்டுவிட்டார். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு அடியோடு விழுந்தது. அவருடைய சேமிப்பும் கரைந்தது. 1923 பிப்ரவரி 10-ந் தேதி, 77-வது வயதில், மியூனிக் நகரில் காலமானார்.

முழங்கால் கற்பித்த பாடம்

அவர் விட்டுச் சென்ற கதிர் நின்றுவிடவில்லை. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1934-ல் பர்னார்டு எக்ஸ்ரே நிலையம் திறக்கப்பட்டது.

முழங்காலில், தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவமான இரண்டு சவ்வுகள் மெத்தைபோல இருக்கின்றன. சாதாரண எக்ஸ்ரேயில் அவை தெரிவதில்லை. சவ்வு கிழிந்தால் அதை முழுவதும் எடுத்துவிடுவது அந்தக் கால வழக்கம். அது இல்லாமலும் நடக்கலாம் என்று நினைத்தார்கள்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் எக்ஸ்ரே படங்களை இங்கிலாந்து டாக்டர் பேர்பேங்க் ஆராய்ந்து, 1948-ல் முடிவை வெளியிட்டார். சில முழங்கால்களில் எலும்புகளின் இடைவெளி குறுகியிருந்தது. எலும்பின் வடிவமும் மாறியிருந்தது. சவ்வைக் காட்டாத எக்ஸ்ரே, சவ்வு போனதால் வந்த கேட்டைக் காட்டிவிட்டது! இப்போது முடிந்தவரை சவ்வைத் தைத்துக் காப்பாற்றுகிறார்கள். இல்லையேல் கிழிந்த பகுதியை மட்டும் நீக்குகிறார்கள்.

சவ்வையே பார்க்க இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தைத்த இடம் ஆறிய பிறகும் படத்தில் கிழிசல்போலத் தெரியலாம். அதனால் டாக்டர்கள் பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிடுகிறார்கள். சில சமயம் மூட்டுக்குள் மருந்து செலுத்தியும் படம் எடுக்கிறார்கள்.

ஆகவே, முழங்கால் ஆபரேஷன் ஆனவர்கள் பழைய படங்களையும் ஆபரேஷன் விவரச் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மறுபடி வலி வந்தால், டாக்டருக்கு வழி காட்டுவது அவைதான்.