ஒளியால் நோய் தீர்த்த நீல்ஸ் பின்சன்

டென்மார்க் தேசத்திற்குரிய பேரோத் தீவுகளில் 1860-ஆம் ஆண்டு பிறந்தவர் நீல்ஸ் பின்சன். கோப்பன்ஹேகனில் வைத்தியம் பயின்று 1890-இல் பட்டம் பெற்றார். வாலிபத்திலேயே தீராப்பிணி அவரைப் பற்றியது. வெயில் தமக்கு நலஞ்செய்யும் என உணர்ந்த அவர், ஒளியின் இயல்பை ஆராயத் தொடங்கினார்.

தம் முன்கையில் மையால் ஒரு பட்டை தீட்டி வெயிலிற் காட்டினார். மை மறைத்த இடம் வெளுத்தே இருந்தது. ஏனைய தோல் சிவந்து, பின் கறுத்தது. மையைக் கழுவி மீண்டுங் காட்டியபோது, வெளுத்த பட்டையே சிவந்தது. கறுத்த தோல் தாங்கிநின்றது. கருநிறம் தோலுக்குக் கவசமாதல் இங்ஙனம் புலனாயிற்று.

புண்படுத்தும் ஒளி குணமுஞ் செய்யாதோ? 1895-இல், முகத்தை அரிக்கும் தோல் க்ஷயரோகத்தின்மீது மின்விளக்கின் ஒளியை, நீரால் வெப்பந் தணித்துச் செலுத்தினார். முகஞ் சிதைந்தோர் பலர் குணமடைந்தனர். 1896-இல் ஒளிச்சிகிச்சை நிலையம் எழுந்தது. 1903-இல் நோபெல் பரிசு வந்தது. அதனை நேரிற் பெறச் செல்லவும் அவர் வலியிலர். பரிசுப் பணத்தில் ஒரு பகுதியை அந்நிலையத்திற்கே ஈந்தார். 1904-இல், 43 வயதில் மறைந்தார்.

பின்னர் மருந்துகள் தோன்ற, அவ்விளக்குகள் ஓய்ந்தன; எனினும் தோல்நோய் சிலவற்றிற்கு ஒளிச்சிகிச்சை இன்றும் நிகழ்கின்றது. தம் பிணி தீராதவர் பிறர் பிணி தீர்த்தார். நம் குறையையே பிறர் நலத்திற்குக் கருவியாக்கும் உறுதியை நாம் அவர்பாற் கற்போமாக.