கே.சி.எஸ். பணிக்கர்: மாணவர்களுக்காக ஓர் ஊரையே அமைத்த ஓவிய ஆசிரியர்

இந்தக் காலாண்டில் நாம் நினைவுகூரும் பெரியவர், நம் கொங்கு மண்ணில் பிறந்து சென்னையில் புகழ்பெற்ற ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்.

ஓவியம் சோறு போடுமா என்ற கேள்வி நம் பகுதிக்குப் புதிதல்ல. கவிஞராக நாம் கொண்டாடும் நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை முதலில் ஓவியராக அறியப்பட்டவர். படம் வரைந்தே குடும்பம் நடத்தியவர். அவருக்குப் பின் வந்த தலைமுறையில் அந்தக் கேள்விக்குக் கூட்டாக ஒரு விடை தேடியவர் பணிக்கர்.

1911 மே 31 அன்று கோயம்புத்தூரில் பிறந்தார். பன்னிரண்டு வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கிவிட்டார். ஆனால் குடும்பப் பொறுப்பு இளம் வயதிலேயே தோளில் விழுந்ததால் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். தூரிகையை மட்டும் கீழே வைக்கவில்லை. 1936இல், 25 வயதில், சென்னை எழும்பூரில் உள்ள அரசு கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அதன் முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் நாம் பார்க்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவர்தான்.

படிப்பை முடித்த பணிக்கர் அதே பள்ளியில் ஆசிரியரானார். வகுப்போடு வேலை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். தனித்தனியாகக் கண்காட்சி வைக்க வசதியில்லாத இளைஞர்களின் படங்கள் இந்தச் சங்கத்தின் மூலம் வெளியூர்களுக்கும் சென்றன. 1954இல் லண்டனில் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஐரோப்பாவில் நவீன ஓவியங்களை நேரில் பார்த்துவிட்டு வந்தபின், அவற்றை அப்படியே பின்பற்றாமல் நம் மண்ணுக்குரிய நவீன ஓவியம் எது என்று தேடலானார்.

1957இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற, பணிக்கர் முதல்வரானார். அடுத்த பத்து ஆண்டுகள் அவர் பொறுப்பில் கழிந்தன. சென்னைப் பாணி ஓவியம் என்று இன்று பேசப்படுவது பெரும்பாலும் அந்தக் காலத்தில் அங்கே படித்தவர்களும் கற்பித்தவர்களும் உருவாக்கியதுதான். 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் படங்கள் வரையத் தொடங்கினார். ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், மலையாள எழுத்துகள், கணக்குக் குறிகள் எல்லாம் அந்தப் படங்களில் வரும். எழுத்துகளைப் படித்துப் பொருள் தேட வேண்டியதில்லை. நம் வீடுகளில் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பழைய ஏடுகளையும் ஜாதகங்களையும் போன்ற ஒரு தோற்றம் அவற்றில் கிடைக்கும்.

முதல்வர் நாற்காலியில் இருந்தவரை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. திறமையான மாணவர்கள் படிப்பு முடிந்ததும் என்ன செய்வார்கள்? ஓவியம் வாங்குவோர் அப்போது மிகக் குறைவு. வேறு வேலைக்குப் போனால் நாளடைவில் தூரிகை கையைவிட்டுப் போய்விடும். பட்டம் கொடுத்து அனுப்புவதோடு ஆசிரியரின் கடமை தீர்ந்துவிடுகிறதா?

பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து கண்ட வழி எளிமையானது: கைவினை வயிற்றுக்கு, ஓவியம் மனதுக்கு. மெழுகு பூசித் துணியில் சாயமேற்றும் பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். கைவினைக்காகவே ஒரு சங்கம் வைத்தார்கள். விற்று வந்த பணத்தைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடலோரமாக, ஏறக்குறைய 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966இல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விலையைக் கேட்டால் தலை சுற்றும். அன்று அது ஊரைவிட்டு ஒதுங்கிய மணல்வெளி. அங்கே போய்க் குடியேறுவது பிழைப்பைப் பணயம் வைப்பதற்குச் சமம். மாணவர்கள் துணிந்து போனதற்கு ஆசிரியர் மீது வைத்த நம்பிக்கை ஒரு முக்கியக் காரணம். பகலில் கைவினை, மற்ற நேரத்தில் அவரவர் ஓவியமும் சிற்பமும் என்று வாழ்க்கை நடந்தது. வீடும் பட்டறையும் தனித்தனி, காட்சிக்கூடம் பொது. ஓவியர்களுக்குக் கணக்குவழக்கு வராது என்பார்கள். இவர்களோ சங்கம் வைத்து, பொதுச் சொத்தைப் பேணி, கூடிப் பேசி முடிவெடுத்து வாழ்ந்து காட்டினார்கள். பராமரிப்புக் கட்டணத்துக்கும் பொதுக்குழுவுக்கும் இங்கே நாம் படும் பாட்டை நினைத்தால் அதன் அருமை புரியும்.

1967இல் பணிக்கர் முதல்வர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1976இல் மத்திய லலித் கலா அகாதமி அவருக்கு மிக உயரிய கௌரவமான ஃபெலோஷிப்பை வழங்கியது. 1977 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவருடைய படங்களுக்கென்றே திருவனந்தபுரத்தில் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது.

தலைவர் போனால் சங்கம் கலைந்துவிடும் என்பது பலருடைய அனுபவம். சோழமண்டலம் கலையவில்லை. அவருடைய மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் உள்ளிட்ட அடுத்த தலைமுறையினர் பொறுப்பேற்று நடத்தினார்கள். 2009இல் சென்னை ஓவிய இயக்கத்துக்கான அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை மாமல்லபுரம் அழைத்துப் போகும் குடும்பங்கள், வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்க்கலாம். படம் வரையும் பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள்.