ஜகதீச சந்திர போஸ்

பௌதிக ஆராய்ச்சிக்குப் பெருஞ்செல்வமும் பெரிய ஆய்வுக்கூடமும் இன்றியமையாதன என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் உண்மையன்று என்பதற்கு வங்க அறிஞர் சர் ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கையே சான்றாகும்.

இவர் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இக்காலத்து வங்காளதேசத்தைச் சேர்ந்த பகுதியில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகஸ்தர். எனினும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். பின்னர்க் கல்கத்தா செயிண்ட் சேவியர் கல்லூரியில் பாதிரியார் லாஃபோன் செய்துகாட்டிய சோதனைகள் இவருள்ளத்தைப் பௌதிகத்தின்பால் ஈர்த்தன. 1880-இல் மருத்துவம் கற்க இலண்டன் சென்றார். நோய் அதற்கு இடங்கொடுக்கவில்லை. எனவே கேம்பிரிட்ஜ் சென்று, ராலே பிரபு முதலியோரிடம் இயற்கை விஞ்ஞானம் பயின்று 1884-இல் பட்டம் பெற்றார்.

1885-இல் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். ஒரே வேலைக்கு ஆங்கிலேயர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கே இவருக்கு அளிக்கப்பட்டது. இவர் அதனைத் தொட மறுத்தார். ஆயினும் வகுப்புக்குச் செல்வதை நிறுத்தவில்லை. தந்தையார் கடனில் ஆழ்ந்திருந்த காலம் அது. மூன்றாண்டுகள் இங்ஙனம் கழிந்தபின், அரசாங்கம் முழு ஊதியத்தையும் நிலுவையோடு அளித்தது. அப்பொருளைக் கொண்டு தந்தையின் கடனைத் தீர்த்தார். அத்துன்பக் காலத்தில், 1887-இல், இவரை மணந்த அபலா அம்மையார் நம் சென்னையில் மருத்துவம் பயின்றவர்.

1894-இல் மின்னலை ஆராய்ச்சியை மேற்கொண்டார். கல்லூரியில் கிடைத்ததோ ஒரு சிறிய அறை. துணையாக வாய்த்தவரோ தகரவேலை செய்யும் தொழிலாளி ஒருவர். அந்நிலையில், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை எழுப்பவும் உணரவும் வல்ல கருவிகளை அமைத்தார். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பியின் உதவியின்றி அவ்வலைகளால் மணியை ஒலிப்பித்து, வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டினார்.

தொலைவிற்குச் செய்தி அனுப்புவது இவருடைய முதல் நோக்கமன்று. அவ்வலைகள் ஒளியின் இயல்புடையன என்று நிறுவுவதே நோக்கம். அதற்கு இவர் எடுத்த பொருள்களுள் ஒன்று சணல். ஒரே தளத்தில் அதிரும் அலைகளை முறுக்கிய சணற்கற்றைகளினூடே செலுத்தினார். வலமுறுக்கு அத்தளத்தை ஒரு பக்கமாகவும், இடமுறுக்கு எதிர்ப்பக்கமாகவும் திருப்பின. சர்க்கரைக் கரைசல் ஒளியைத் திருப்புவதும் இவ்வாறே என்பதை அச்சோதனை உணர்த்திற்று. சின்ன காஞ்சிபுரத்தில் பட்டிழைக்கு முறுக்கேற்றுவதை நாள்தோறும் காண்கின்றோம்; இழையின் முறுக்கிலும் இயற்கையின் நுட்பம் காணலாமென்று நம்மில் எவர் நினைத்தோம்?

1897-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் ஆராய்ச்சியை விளக்கினார். கண்டுபிடிப்புக்களை விலைபேச இவர் விரும்பினாரல்லர். நண்பர் வற்புறுத்தியதால், கலீனா என்னும் காரீயப் படிகத்தாலான உணர்கருவிக்கு 1904-இல் அமெரிக்க உரிமைப் பத்திரம் பெற்றார். அதனால் பொருளீட்ட முயலவில்லை. பின்னர்த் தாவரங்களின் உணர்ச்சியை ஆராயப் புகுந்தார். அம்முடிவுகளுட் சிலவற்றை அறிஞர் பலர் ஒப்பவில்லை. 1917-இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். 1920-இல் ராயல் சங்கத்து உறுப்பினரானார். 1937 நவம்பர் 23-இல் கிரிடியில் காலமானார்.

அவர் கையாண்ட மில்லிமீட்டர் அலைகள் இன்று ஐந்தாந் தலைமுறைத் தொலைபேசிக்கும் பயன்படுகின்றன. ஆயினும் மாணவராகிய நாம் முதலிற் கற்கவேண்டியது, ஊதியமின்றியும் வகுப்பைக் கைவிடாத அம்மூன்றாண்டுகளின் பாடமே. உரிமைக்குப் போராடுங்காலும் கடமையினின்று வழுவாதிருத்தல் இயலும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.