டாக்டர் கிறீனும் கிராம வைத்தியமும்

பட்டணத்தில் ஒரே வீதியில் பத்து வைத்தியர்கள் பலகை மாட்டியிருக்க, காத தூரத்திலுள்ள கிராமத்தில் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பாரில்லை என்னும் குறை இன்று நேற்று எழுந்ததன்று. கிராமத்தில் சில வருஷமாவது ஊழியம் செய்யவேண்டுமென்று விதிப்பதும், செய்பவருக்குச் சலுகை காட்டுவதும் ராஜாங்கத்தார் கையாளும் உபாயங்கள். இக்குறையின் வேர் கல்வி முறையிலேயே இருக்கிறதென்று கண்டு, அவ்வேரைப் பிடுங்க முயன்ற ஒருவரின் சரிதத்தை நேயர்களுக்கு இன்று நினைவூட்ட விரும்புகிறோம்.

ஸாமுவேல் பிஸ்க் கிறீன் 1822-ம் வருஷம் அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து உஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயார்க்கில் வைத்தியம் பயின்று, 1847-ல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவராய் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், அடுத்த வருஷமுதல் மானிப்பாயிலும் வைத்தியம் செய்தார். தமிழை ஊக்கத்துடன் கற்றார். ஒருவர் எத்தனை நோயாளிகளைப் பார்த்தல் கூடும்? ஆகவே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மேனாட்டு வைத்தியம் போதிக்கலானார். போதனை ஆங்கிலத்திலேயே நடந்தது.

விளைவு நாம் நன்கு அறிந்ததுதான். தேர்ந்த இளைஞர்களிற் பலர் ஊரில் தங்கவில்லை. ஸர்க்கார் உத்தியோகமும் வெளியூர்ச் சம்பளமும் அவர்களை அழைத்துக்கொண்டன. அவர்களை வைவதிற் பயனில்லை. ஆங்கிலம் அறிந்தவனுக்குக் கிராமத்துக்கு வெளியே நூறு வாசல்கள் திறந்திருந்தன. கிராமத்துக்குள் அவனுடைய ஆங்கிலத்தைக் கேட்பாரில்லை. ஆங்கிலம் படித்துப் பட்டணத்துக் கோர்ட்டுகளிற் பிழைக்கும் நம்போன்றோர் இதில் அவர்கள்மேற் கல்லெறியும் யோக்கியதை உடையவரல்லர். வட்டுக்கோட்டை ஸெமினரியைப்பற்றியும் இதே புகார் எழுந்து, 1855-ல் அது மூடப்பட்டது. மிஷனார் கண்ட பரிகாரம் பள்ளியை மூடுவது. கிறீன் கண்ட பரிகாரம் பாஷையை மாற்றுவது.

1857-ல் தாய்நாடு சென்ற அவர் 1862-ல் திரும்பி வந்தபின் வைத்திய போதனையைத் தமிழுக்கு மாற்றினார். தமிழிற் கற்றவன் தமிழர் நடுவிலேயே தங்குவான், உத்தியோகத்தை நாடாமல் தன் ஊராரின் காசிலேயே பிழைப்பான் என்பது அவர் எண்ணம். மாணாக்கர் கோட்டும் காற்சட்டையும் அணிந்து அந்நியராவதையும் அவர் விரும்பவில்லை. தேச உடையிலேயே இருக்கவேண்டுமென்று வற்புறுத்தினார். நம்மவரிற் பலர் இதைக் கேட்டு வெட்கவேண்டும்.

தமிழிற் போதிக்கப் புத்தகம் வேண்டுமே. கதர் என்பாரின் அங்காதிபாத நூலும், மான்செல் என்பாரின் பிரசவ வைத்தியமும் 1857-லேயே தமிழாகியிருந்தன. பின்னர் டுறூயிட் என்பாரின் இரண வைத்தியமும், வைத்தியாகரமும், 1875-ல் கெமிஸ்தமும் வெளிவந்தன. சாப்மன், டன்வதர் முதலிய அவர் மாணாக்கர்களும் இவ்வேலையில் உழைத்தனர். சரீரத்தின் ஒவ்வொரு நரம்புக்கும் எலும்புக்கும் பெயர் தேட வேண்டியிருந்தது. நம் பழைய வைத்திய நூல்களில் அகப்பட்டதை எடுத்தும், அகப்படாததை வடமொழியினின்று ஆக்கியும், சிலவற்றை ஒலிபெயர்த்தும் சொல்லகராதிகள் தொகுத்தனர். அச்சொற்களிற் சில இன்று நமக்குக் கரடுமுரடாகத் தோன்றலாம். ஆயினும் தமிழில் சாஸ்திரம் எழுதல் கூடாதென்று இன்றும் வாதிப்போர் அந்நூல்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வாதிப்பது நலம்.

கிறீன் தம் மதத்தைப் பரப்பவே வந்தவர். அதை அவர் மறைத்தவரல்லர், நாமும் மறைக்கவேண்டியதில்லை. அந்த நோக்கம் நமக்கு உடன்பாடன்று. ஆனால் ஜனங்களின் பாஷையை விட்டு ஜனங்களுக்கு வைத்தியம் செய்யவியலாதென்பதை ஓர் அந்நியர் கண்டார். ஆண்ட வர்க்கத்தார் காணவில்லை. வன்னிநாடு நோயால் குடியற்றுப் போவதைப்பற்றி டாக்டர் லூஸ் எழுதிய அறிக்கை தூண்டுகோலாக, 1870-ல் கொழும்பில் வைத்தியப் பாடசாலை தோன்றியது. காட்டுக் கிராமங்களின் துயரம் பிறப்பித்த பாடசாலை, தலைநகரில், ஆங்கிலத்தில் நடந்தது! இன்றுங்கூட இலங்கையிலும் நம் நாட்டிலும் டாக்டர் பட்டப் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றது.

அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராக்கிவிட்டு 1873-ல் கிறீன் ஊர் திரும்பினார். திரும்பியும் அவர் தமிழை விடவில்லை. கடல் கடந்து வந்த கையெழுத்துப் பிரதிகளை உஸ்டரில் இருந்தபடியே திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் இல்லாத மானிப்பாயில் தமிழ் வைத்திய வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1884-ம் வருஷம் மே மாதத்தில் அவர் காலமானார். தமிழர்க்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று அவ்வூர்க் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவின் மருந்துச் சரக்குகளைப்பற்றி அவரும் சாப்மனும் தமிழாக்கிய இந்து பதார்த்த சாரம் அச்சேறியதும் அந்த வருஷத்திலேதான்.