சுபேதார் ராம்ஜி சக்பாலின் வாழ்வு

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு பணிக்கப்பட்டபோது, அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றையே எழுதலாமென முதலில் எண்ணினேன். அவ்வரலாற்றை நம் பிள்ளைகள் ஓரளவு அறிவர். ஆனால், அவ்வண்ணலுக்கு எழுத்தறிவித்து, விளக்கேற்றி, விழித்திருந்து வளர்த்த தந்தையாரின் வரலாற்றை அறிந்தோர் சிலரே. பதின்பருவத்தில் படையிற் சேர்ந்து, படைப்பள்ளியின் தலைமையாசிரியராகி, சுபேதார் மேஜராக ஓய்வு பெற்ற ராம்ஜி மாலோஜி சக்பால் அவர்களே அத்தந்தையார். நானும் ஒரு தலைமையாசிரியன் என்பதால் அவர்பால் எனக்குத் தனியானதொரு பற்று உண்டு.

இதை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. குரோம்பேட்டையில் வாழும் நமக்குப் படை என்பது எட்டாத் தொலைவில் உள்ள ஒன்றன்று. வடக்கே பல்லாவரம் கண்டோன்மெண்டும், பரங்கிமலையில் 1963-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற படை அதிகாரிகள் பயிற்சிக் கழகமும் உள்ளன. தெற்கே தாம்பரத்தில் விமானப் படைத்தளம் உள்ளது. ஆண்டுதோறும் மேல்நிலை வகுப்பு மாணவர் சிலர் சான்றிதழ் நகல்களோடு என் அறைக்கு வந்து, படைக்கு ஆளெடுக்கிறார்கள் ஐயா, கையொப்பம் வேண்டும் என்பர். படிப்பை நிறுத்திவிட்டுப் போகலாமா என்று கேட்போரும் உளர். அவர்களுக்கு நான் சொல்ல விழையும் விடை இவ்வரலாற்றினுள் அடங்கியுள்ளது.

மராட்டிய மண்ணின் கொங்கணப் பகுதியில், இரத்தினகிரி மாவட்டத்து மண்டன்கட் என்னும் ஊருக்கு அருகே அம்பவாடே என்றொரு சிற்றூர் உள்ளது. அதுவே ராம்ஜியின் முன்னோர் ஊர். அவர் 1848-ஆம் ஆண்டளவில் மகார் குலத்தில் பிறந்தார். அந்நாளில் மகார் மக்களுக்கு ஊரார் விதித்திருந்த தொழில் யாது? ஊர்க்காவல், ஓலை கொண்டு செல்லுதல், அதிகாரிகளின் மூட்டை சுமத்தல், இறந்த மாட்டை அப்புறப்படுத்துதல் ஆகியனவே. கூலியென்று காசு கிடையாது. அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் அளக்கும் சிறு பங்கும், வீடுவீடாய்ப் பெறும் பழஞ்சோறுமே ஊதியம். நம் வட்டாரத்து முன்னோர் பட்ட பாட்டினின்று இது பெரிதும் வேறுபட்டதன்று.

இவ்வட்டத்தினின்று வெளியேற அக்காலத்தில் இருந்த வாயில்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று கம்பெனியாரின் பம்பாய்ப் படை. ராம்ஜியின் தந்தை மாலோஜி அவ்வாயிலின் வழியே சென்றவர். அவரைப் பின்பற்றி ராம்ஜியும் 1866-ஆம் ஆண்டளவில், பதினெட்டு வயதை ஒட்டிய பருவத்தில், சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்தார். பாலம் கட்டுதல், பாதை சமைத்தல், அரண் தகர்த்தல் முதலியன அப்பிரிவினரின் பணிகள். நம் சென்னை மாகாணத்திலும் சென்னை சாப்பர்ஸ் படையில் ஒடுக்கப்பட்ட மக்கள் பெருமளவில் பணியாற்றினர் என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் ஊரை விட்டுச் செல்வது எளிதன்று. ஊர்ப்பணியைத் துறந்தால் ஊர்ப்பங்கும் போய்விடும். போர்முனையில் உயிர் போதலும் கூடும். ஆயினும், படையில் மாதந்தோறும் காசாகச் சம்பளம் கிடைத்தது. அணிவதற்குச் சீருடை கிடைத்தது. முதுமையில் ஓய்வூதியம் உண்டென்னும் உறுதி கிடைத்தது. இவை யாவற்றினும் மேலான ஒன்றும் அங்கே கிடைத்தது. அதுவே கல்வி.

அந்நாளில் படைவீரரும் அவர்தம் பிள்ளைகளும் எழுத்தறிவு பெற வேண்டும் என்பது படையின் கட்டாய விதியாக இருந்தது. பகலில் சிறுவர் சிறுமியர்க்குப் பள்ளி. இரவில் பெரியோர்க்குப் பள்ளி. வெளியே ஊர்ப் பள்ளிக்கூடங்களின் வாயிற்படியையும் மிதிக்க இயலாதிருந்த மகார் குடும்பங்கள், படை முகாம்களின் உள்ளே எழுதப் படிக்கக் கற்றன. பெண்மக்களும் கற்றனர். பல படைவீரர்கள் இவ்வாய்ப்பைக் கடமைக்காக ஏற்றனர். ராம்ஜியோ அதனைத் தம் வாழ்வின் பொருளாகவே ஏற்றார். புனேயில் இருந்த படையாசிரியர் பயிற்சிப் பள்ளியிற் பயின்று தேறினார். மராத்தியிலும் கணக்கிலும் வல்லவரானார். ஆங்கிலமும் நன்கு கற்றார். பின்னர்ப் படைப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராகப் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றினார். துப்பாக்கி ஏந்தப் போன இளைஞர் சுண்ணக்கட்டி ஏந்தும் ஆசிரியராக உயர்ந்தார் என்று இதனைச் சுருங்கச் சொல்லலாம்.

அவர் தம் படைப்பிரிவைச் சார்ந்த முர்பாட்கர் குடும்பத்துப் பெண்ணாகிய பீமாபாயை மணந்தார். அது வசதி மிக்க குடும்பம். பீமாபாயின் தந்தையும் அவருடன் பிறந்தோரும் படையில் சுபேதார் நிலை எய்தியவர்கள். இத்தம்பதியர்க்கு மக்கள் பதினால்வர் பிறந்தனர். அவர்களுள் பலர் இளமையிலேயே இறந்தனர். பதினான்காவது மகவாக 1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவின் மௌ படை நகரில் பிறந்த குழந்தைதான் பீமராவ். ராம்ஜி கபீரின் நெறியைத் தழுவியவர். மதுவையும் புலாலையும் விலக்கியவர். வைகறையில் எழுந்து வழிபாடு செய்பவர். மகாத்மா ஜோதிராவ் புலேயின் கருத்துகளில் ஈடுபாடு கொண்டவர்.

இனி, நம் நெஞ்சை வருத்தும் ஒரு செய்தி. 1892-ஆம் ஆண்டில் மகார் மக்களைப் படையிற் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியது. சில இனங்களே போருக்கு உரியவை, ஏனையவை அல்ல என்னும் கொள்கை அந்நாளில் ஓங்கியிருந்தது. அக்கொள்கையின் முதன்மை ஆதரவாளர் தளபதி ராபர்ட்ஸ். இவர் 1881 முதல் 1885 வரை நம் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். பின்னர் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்தவர். தென்னாட்டு வீரர்களையும் அவர் உயர்வாக மதிக்கவில்லை. அதனால் சென்னைப் படைப்பிரிவுகளும் குறைக்கப்பட்டன. நாட்டைப் பிடிக்கும் காலத்தில் வேண்டப்பட்டவர்கள், நாடு பிடிபட்ட பின்னர் வேண்டப்படாதவர் ஆயினர்.

ராம்ஜி வாளாவிருக்கவில்லை. தாம் பணி முடித்து ஓய்வூதியத்தோடு வெளியேறும் நிலையில் இருந்தவர். தமக்கு இழப்பில்லை என்று ஒதுங்கியிருக்கலாம். ஆனால், தம் பின்னோர்க்கு வாயில் அடைபடுவதை அவர் பொறுக்கவில்லை. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே அவர்களின் உதவியை நாடி, அவ்வாணையை எதிர்த்து விண்ணப்பம் ஒன்றை ஆக்குவித்தார். விண்ணப்பம் பயன் தரவில்லை. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்ட 1917-ஆம் ஆண்டில்தான் அக்கதவு மீண்டும் திறந்தது. போர் முடிந்த சில ஆண்டுகளில் அம்மகார் படைப்பிரிவு கலைக்கப்பட்டது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அரசு ஒரே ஆணையால் வேலைவாய்ப்பைப் பறித்தது. சீருடையைப் பறித்தது. ஆனால், இரண்டு தலைமுறையாகப் படைப்பள்ளிகளில் கற்ற எழுத்தை அதனால் பறிக்க முடிந்ததா? முடியவில்லை. ஓய்வு பெற்ற மகார் வீரர்கள் ஊர்களிற் குடியேறி, விண்ணப்பம் எழுதினர்; கூட்டம் கூட்டினர்; தம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கேட்டனர். கொடுத்தவர் திரும்பப் பெற இயலாத கொடை கல்வி ஒன்றே.

ஓய்வு பெற்ற ராம்ஜி முதலில் தாபோலியிலும் பின்னர்ச் சதாராவிலும் குடியிருந்தார். சதாராவில் பீமாபாய் காலமானார். அப்போது பீமராவுக்கு ஐந்தாறு வயது. முதுகு வளைந்த அத்தை மீராபாயே பிள்ளைகளைப் பேணி வளர்த்தார். ராம்ஜி கோரேகாவ் என்னும் இடத்தில், பஞ்சத்தால் வாடியோர்க்கு வேலை தரும் பொருட்டு அரசு வெட்டிய ஏரிப்பணியில் காசாளராகப் பணி ஏற்றார். 1901-ஆம் ஆண்டில் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தம்மிடம் வரச் சொன்னார். பிள்ளைகள் புத்தாடை அணிந்து மசூர் இரயில் நிலையத்தில் இறங்கினர். அவர்கள் எழுதிய கடிதத்தை ஏவலாள் ராம்ஜியிடம் சேர்ப்பிக்க மறந்தமையால், அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. நிலைய அதிகாரி கனிவோடு வினவினார். மகார் பிள்ளைகள் என்று அறிந்ததும் முகம் மாறினார். வண்டிக்காரர் எவரும் ஏற்றிச் செல்ல உடன்படவில்லை. இறுதியில் ஒருவர் இரட்டிப்புக் கூலிக்கு இசைந்தார். ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், தாம் உடன் நடந்து வருவதாகச் சொன்னார். இரவு முழுதும் குடிக்க நல்ல தண்ணீர் தருவார் இல்லை. கையிற் கட்டிய சோறு இருந்தும் தண்ணீரின்றி உண்ண இயலாமல் பசியோடு படுத்தனர்.

அரசுக்காக இளமை முழுவதையும் அளித்த சுபேதார் மேஜரின் பிள்ளைகளுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கிடைக்கவில்லை. சீருடை ஒருவரை முகாமுக்குள் காக்கலாம். முகாமைக் கடந்த சமுதாயத்தை அது தானாக மாற்றிவிடாது என்பதே இதனாற் பெறப்படும் உண்மை. அச்சமுதாயத்தை மாற்றும் பணியைக் கற்ற மகன் பிற்காலத்தில் ஏற்றான்.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, தொழிலாளர் வாழும் பரேல் பகுதியில் ஒற்றை அறையில் வாழ்ந்தது. அவ்வறையிலேயே அடுப்பு, விறகு, பாத்திரம், படுக்கை அனைத்தும். பகலிற் படிக்க இடமில்லை. ஆதலின் ராம்ஜி ஓர் ஏற்பாடு செய்தார். மகனை மாலையிலேயே உறங்கச் செய்வார். தாம் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, பின்னர் மகனை எழுப்பிவிட்டு அவ்விடத்தில் தாம் படுப்பார். மங்கிய எண்ணெய் விளக்கொளியில் மகன் படிப்பான். மகன் புதிய நூல் ஒன்று வேண்டுமென்றால், கையிற் பணம் இல்லாதபோது, மணமாகிச் சென்ற தம் பெண்களிடம் கடன் கேட்பார். அவர்களிடமும் பணம் இல்லையெனில், அவர்தம் நகையை வாங்கி அடகு வைத்து நூலை வாங்கித் தருவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுக் கொடுப்பார். மகளிர் நகை கழற்றித் தந்ததும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே என்பதை நம் சகோதரிமார் கருத்திற் கொள்ள வேண்டும்.

1907-ஆம் ஆண்டு பீமராவ் மெட்ரிகுலேசன் தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த மாதம் 25 ரூபாய் உதவித்தொகையோடு எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். 1913 தொடக்கத்தில் பரோடா அரசுப் பணியிற் சேர்ந்தார். தந்தையார்க்கு அதில் விருப்பமில்லை. சில நாள்களிலேயே தந்தை நோயுற்றார் என்று தந்தி வந்தது. விரைந்து புறப்பட்ட மகன், தந்தைக்கு இனிப்பு வாங்கும் பொருட்டுச் சூரத்தில் இறங்க, இரயில் புறப்பட்டுவிட்டது. மறுநாளே வீடு சேர முடிந்தது. கண்ணில் உயிரைத் தேக்கிக் காத்திருந்த தந்தை மகனைக் கண்டு, கையால் தடவிய பின்னர் உயிர் நீத்தார். அது 1913 பிப்ரவரி 2-ஆம் நாள். அதே ஆண்டின் நடுவில் மகன் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குக் கப்பலேறினார். அப்பெருமையைக் காண ராம்ஜி இல்லை.

தந்தை விண்ணப்பித்துத் தோற்ற வழக்கை மகன் கைவிடவில்லை. 1941-இல் அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம் பெற்றார். மகார் மக்களுக்குப் படையில் இடம் வேண்டுமென வற்புறுத்தினார். அவ்வாண்டு அக்டோபரில் பெல்காமில் மகார் படைப்பிரிவு தோன்றியது. அது இன்றும் இந்தியப் படையின் ஓர் அங்கமாக விளங்குகிறது. படைப்பள்ளித் தலைமையாசிரியரின் மகன் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தையும், மறு ஆண்டில் சித்தார்த்தா கல்லூரியையும் நிறுவியதும் தந்தையின் பணியினது தொடர்ச்சியே.

இளைஞர்களே! படைக்குச் செல்லலாமா என்னும் வினாவுக்கு வருகிறேன். செல்லலாம். நாட்டைக் காக்கும் பணி எவருக்கும் இழிவன்று. நம் முன்னோர் அதில் குருதி சிந்தியுள்ளனர். ஆனால், 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி பதினேழரை வயதில் சேரும் இளைஞருக்கு நான்கு ஆண்டுப் பணியே உறுதி. அதன் பின்னர் நிலைபெறுவோர் நால்வரில் ஒருவர் என்பதே அவ்வறிவிப்பு. எஞ்சிய மூவரும் இருபத்திரண்டு வயதளவில் திரும்பி வரும்போது கையில் என்ன இருக்கும்? பன்னிரண்டாம் வகுப்பையேனும் முடித்துச் செல்லுங்கள். சென்ற இடத்திலும் அஞ்சல் வழியிலோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பட்டத்துக்குப் பதிவு செய்யுங்கள். ராம்ஜியைப் போல, அங்கே கிடைக்கும் கல்வி அனைத்தையும் அள்ளிக்கொண்டு திரும்புங்கள்.

பெற்றோர்களே! உங்கள் வீடும் ஒற்றை அறையாக இருக்கலாம். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பிள்ளை படிக்க ஒரு மூலையை ஒதுக்குங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஆற்றிவரும் தொண்டு, இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து மகனை எழுப்பிய அம்முதியவரின் தொண்டைப் போன்றதே. அது தொடர்வது உங்கள் கைகளில் உள்ளது.